இடது பக்கம் ஏதோ தட்டுகிறது

ஜூன் 2

அன்புள்ள திருகாணிக்கு,

மெத்தைக் கடையின் மூத்த விற்பனைச் சக்கரவர்த்தியும், உன் தாயாரின் ஒரே தம்பியும், இந்த வீட்டு மாடி அறையின் ஆயுள் கைதியுமாகிய உன் மாமா எழுதிக்கொள்வது.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. "நீங்க ஸ்பீக்கர்ல போடுவீங்க, அம்மா பின்னாடி நின்னு கேப்பாங்க" என்கிறாய். ஸ்பீக்கரில் போட்டுப் பேசித்தான் எனக்குப் பழக்கம். பேரரசர்கள் கிசுகிசுப்பதில்லை. ஆகவே தபால்.

விஷயம் இதுதான். உன் அம்மாவின் எலெக்ட்ரிக் காரில் சன்ரூஃப் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. மூடுகிற சுவிட்சை அழுத்தி அழுத்தி என் கட்டைவிரல் ஓர் அங்குலம் தேய்ந்துவிட்டது. மழைக்காலமோ வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. நேற்றுப் பெய்த தூறலில் முன்சீட்டில் தேங்கிய தண்ணீரில் ஒரு திமிங்கலம் குட்டி போட்டது. மீனவர் சங்கத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

உன் அம்மா அந்தக் காரில்தான் கிளினிக்குக்குப் போய்வருகிறாள். கூரைமேல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, நான்கு ஓரத்தையும் கதவுகளில் இடுக்கி ஓட்டுகிறாள். ஓடும்போது அது படபடவென்று அடிக்கிற அடிக்குத் தெருவே திரும்பிப் பார்க்கிறது. நாளெல்லாம் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஜனங்களின் காதைச் சோதிக்கிற உத்தியோகம் அவளுக்கு. "கேக்குதா? இப்போ கேக்குதா?" என்று கேட்டு அலுத்தவள், வீடு திரும்பும் வழியிலாவது சத்தம் வேண்டாம் என்றுதான் சத்தமே போடாத இந்தக் காரைத் தேடி வாங்கினாள். இப்போது அது கிழிந்த பாய்மரக் கப்பல் போலப் போகிறது.

"வேற ஒர்க்‌ஷாப்ல விட்டுடலாம்கா" என்றேன்.

"திறந்தவளே வந்து மூடட்டும்" என்றாள்.

பழுதான பழைய கூரை மோட்டாரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தவள் நீ. நீ தனியாகச் செய்த முதல் வேலை. அடுத்த மாதமே இன்ஷூரன்ஸ் ஆபீஸ் நாற்காலியை உதறிவிட்டு, கார் மின்வேலை கற்கிறேன் என்று வெளியூர் போய்விட்டாய். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேசவில்லை. ஆனால் நடுவில் அகப்பட்டவன் என்று ஒருவன் உண்டல்லவா? "நீதானே அவளுக்குக் கொடி பிடிச்ச?" என்பதுதான் எனக்குத் தினமும் காலை உணவு. மதியத்துக்கும் அதையே சூடு பண்ணித் தருகிறாள்.

எப்படி மூடுவது என்று எழுது. மாமா உயிரோடு இருக்க வேண்டுமென்றால் சீக்கிரம் எழுது.


ஜூன் 6

மாமா,

டீ இடைவேளையில் நின்றபடி எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து உட்காரப் பிடிக்கவில்லை. இந்த வாரம் இங்கே இரண்டு கார்களுக்குக் கூரை மோட்டார் மாட்டினேன். இரண்டையும் திரும்பத் திரும்பத் திறந்து மூடிப் பார்த்தேன். "போதும், தேஞ்சிடப் போகுது" என்று ஃபோர்மேன் கத்தினார்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மாதக் கடைசியில் என் பயிற்சிக் காலம் முடிகிறது. என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது ஃபோர்மேன் கவலை. என் கவலை வேறு. அந்தக் கூரை என் தவறால் நின்றிருந்தால், இந்த வேலைக்கு என் கை ஆகாது என்று அர்த்தம். அம்மா வாய்விட்டுச் சொல்லாமல் மனதில் வைத்திருந்ததும் அதுதான். ஆபீஸில் என் நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதாம், மேலாளர் செய்தி அனுப்பியிருந்தார். பேசாமல் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அதனால் தயவுசெய்து திமிங்கலத்தை வெளியே அனுப்பிவிட்டு உண்மையை மட்டும் எழுதுங்கள். மூடுகிற சுவிட்சை அழுத்தும்போது ஏதாவது சத்தம் வருகிறதா? மோட்டார் ஓடுகிற உறுமல்? அல்லது ஒன்றுமே இல்லையா? கண்ணாடி கொஞ்சமாவது அசைகிறதா? தெரு அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். எல்லாமே இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி இருக்கும். எது கூரைக்கு என்று மூடியிலேயே படம் போட்டிருக்கும். அதை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் எந்த ஒயரைக் கண்டாலும் தொடாதீர்கள். அது காரையே ஓட்டுகிற மின்சாரம். அதில் விளையாட்டு வேண்டாம்.


ஜூன் 10

திருகாணி,

நீ இட்ட கட்டளையை உன் மாமா தலைமேல் கொண்டு நிறைவேற்றினான்.

முதலில் ஃபியூஸ். படத்தைப் பார்த்துத்தான் பிடுங்கினேன். படம் தலைகீழாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வைப்பர் செத்தது. அடுத்ததைப் பிடுங்கினேன், ஹாரன் செத்தது. உன் அம்மா மறுநாள் காலை ஷீட் படபடக்க, வைப்பர் இல்லாமல், எதிரே வந்த எருமைக்கு ஹாரன் அடிக்க முடியாமல், ஜன்னல் வழியே தலையை நீட்டி "நகரு" என்று சொல்லிக்கொண்டே போனாள். எருமை நகர்ந்தது. அவள் குரலுக்கு நானே நகர்ந்துவிடுவேன். சாயங்காலம் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாட்டிவிட்டேன். கூரை ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது, எரியவில்லை.

அடுத்து, சத்தம். தெரு அடங்கிய நேரமாகப் பார்த்து, காருக்குள் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

ஒன்றுமில்லை, மருமகளே. நூறு முனிவர்கள் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டது போன்ற மௌனம். மறுபடி அழுத்தினேன். இருநூறு முனிவர்கள். இதில் ஒரு துளி மிகையும் இல்லை. அக்காள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன், தலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால். கண்ணாடி அசைந்ததா என்று சொல்வதற்கில்லை. ஷீட் மூடியிருந்தது, எடுத்தால் மழை.

நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியாமல் கடையில் இன்று ஒருவருக்கு ஒற்றைக் கட்டிலுக்கு இரட்டை மெத்தையை விற்றுவிட்டேன்.


ஜூன் 13

மாமா,

நல்ல செய்தி. இதைவிட நல்ல செய்தி இருக்கவே முடியாது.

ஒன்றுமே கேட்கவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறதென்றால் கோளாறு சுவிட்சில், அல்லது அதற்கு வருகிற ஒயரில். இரண்டையும் நான் தொடவே இல்லை. நான் வைத்தது மோட்டார். கோத்தது அது இழுக்கிற இரண்டு கேபிள்கள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அவற்றின் மேல் தவறு இல்லை. இரண்டு நாளாக ஸ்பேனர் கையில் பூப்போல இருக்கிறது. மேலாளருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், பிறகு முழுசாக முடியட்டும் என்று நிறுத்திவிட்டேன்.

சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன விளக்கு எரிகிறதா பாருங்கள். மழைத் தண்ணீர் சுவிட்சுக்குள் போயிருக்கலாம், காயவையுங்கள்.

அதுவரைக்கும் கையாலேயே மூடிவிடலாம். சுவிட்சும் அந்த விளக்கும் பதித்திருக்கிற பலகையைக் கீழே இழுத்தால் கழன்று வரும். மேலே மோட்டாரின் அடியில் ஆறு மூலை உள்ள சின்னக் குழி தெரியும். மேசை இழுப்பறையில் நான் விட்டுவந்த ஆலன் கீ அதற்குச் சரியாக இருக்கும். மெதுவாகத் திருப்புங்கள், கண்ணாடி இரண்டு பக்கமும் சமமாக வந்து மூடும். சமமாக வர வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மூடியபிறகு அவங்களே பார்க்கட்டும்.


ஜூன் 17

அன்புள்ள திருகாணிக்கு,

விளக்கு எரிகிறது, அரண்மனைத் தீப்பந்தம் போல. உன் அம்மாவின் தலைமுடி உலர்த்தும் கருவியால் சுவிட்சைக் காயவைத்தேன். பாலைவனத்து ஒட்டகம் வந்து அதில் தண்ணீர் கேட்டால் கிடைக்காது, அவ்வளவு காய்ந்துவிட்டது. பயனில்லை.

ஆலன் கீயைப் போட்டுத் திருப்பினேன். வலது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது. இடது பக்கம் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி நின்ற இடத்தில் நின்றது. இப்போது கண்ணாடி வாய் கோணிக் கிடக்கிறது. மேற்கொண்டு திருப்பினால் உடையுமோ என்று நிறுத்திவிட்டேன். அதே நேரம் வானம் பிளந்தது. நனைந்த நனைப்பில் என் சட்டையின் நிறம் பக்கத்து வீட்டுச் சட்டைக்குப் போய்விட்டது.

இன்னொரு விஷயம். சுவிட்சை அழுத்தியதும் முதலில் ஒரு மெல்லிய டிக். உடனே தாழ்ந்த ஓர் உறுமல், ஒரு மூச்சு நீளத்துக்கு. அந்த உறுமலுக்கு மேலே, இடது பக்கம் மட்டும், நகத்தால் மரத்தைத் தட்டுவது போல ஒரு தட்டல். தட்டல் நின்றதும் உறுமலும் நின்றுவிடுகிறது. ஷீட்டைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடியின் வலது ஓரம் மட்டும் துடிக்கிறது.

இதற்கு என்ன அர்த்தம்? நல்லதாக எழுது.


ஜூன் 20

மாமா,

போன கடிதத்தில் இருநூறு முனிவர்கள். இந்தக் கடிதத்தில் உறுமலும் தட்டலும். கடைசியில் இருக்கிற அந்த நான்கைந்து வரிகளில் ஒட்டகம் இல்லை, சம்பந்தி இல்லை, ஒன்றுமே இல்லை. அந்த வரிகளை எழுதியது உங்கள் கை. கேட்டது உங்கள் காது இல்லை.

யாருடையது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் மாடியில் ரகசியமாகப் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாலும் கீழே கேட்கிற காது.

சரி. மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. சுவிட்ச் நன்றாக இருக்கிறது. நான் கொண்டாடியதெல்லாம் வீண். கேபிளின் நுனியில் கண்ணாடியைத் தாங்குகிற பிளாஸ்டிக் பாதம் ஒன்று உண்டு. இடது பாதம் உடைந்திருக்கிறது. வலது பக்கம் மட்டும் இழுக்கும்போது கண்ணாடி கோணும், எதிலோ இடிக்கிறது என்று நினைத்து மோட்டார் தானாக நின்றுவிடும்.

அந்தப் பாதம் இரண்டு விதமாக உடையலாம். வெயிலில் காய்ந்து தானாக உடையலாம். அதற்கு யாரும் பொறுப்பில்லை. அல்லது, மோட்டாரின் சக்கரப் பற்களில் கேபிளைக் கோக்கும்போது நான் இடது பக்கத்தை ஒரு பல் தள்ளி வைத்திருந்தால், ஒவ்வொரு முறை மூடும்போதும் அது இழுபட்டு இழுபட்டு உடையும். இரண்டாவது காரணமென்றால், நான் வேலையை முடித்த அன்றிலிருந்தே இடது பக்கம் தட்டியிருக்க வேண்டும். லேசாகத்தான் தட்டும். எனக்குக் கேட்கவில்லை.

அந்தக் காரில் தினமும் போனவங்களைக் கேளுங்கள். அன்றைக்கே தட்டியதா?

இங்கே இருப்புக்கொள்ளவில்லை. கிடங்குக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று மறந்து திரும்புகிறேன். ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கள். வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம்.


ஜூன் 23

அன்புள்ள மருமகளுக்கு,

ஆமாம்.

ஒரு வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். மற்றதையும் படி. உன் மாமன் ஒரே வார்த்தையில் கடிதம் முடித்தான் என்று வெளியே தெரிந்தால் மெத்தைக் கடையில் என்னை வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள்.

ஆலன் கீயோடு நான் நனைந்துகொண்டிருந்தபோது உன் அம்மா குடையோடு வந்து நின்றாள். சுவிட்சை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன்.

"மோட்டார் ஓடுதேடா. இதையா ஒண்ணுமே கேக்கலன்னு அவளுக்கு எழுதின?"

"எங்க ஓடுது? நிசப்தமா இருக்கு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் கையைப் பிடித்துக் கிளினிக்குக்கு இழுத்துப் போய், கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் கவசத்தை மாட்டினாள். "சத்தம் கேட்டா கையத் தூக்கு" என்றாள். நான் ராஜகம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும், "எப்படி, முழு மார்க்கா?" என்றேன். "இருபது சத்தம் போட்டேன். மூணுக்குக் கை தூக்கின. அதுல ஒண்ணு நான் போடவே இல்ல" என்றாள். தாழ்ந்த சத்தமெல்லாம் என் அரசவைக்குள் வர அனுமதி இல்லையாம். போகட்டும். உன் கணக்கு அந்த அரசவையை நம்பிக் கெட்டது.

உன் கேள்வியை நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீ வேலையை முடிச்ச அன்னைக்கே தட்டிச்சு. கேட்டேன்" என்றாள், நான்தான் நீ என்பது போல.

ஆபீஸில் உன் நாற்காலி காலியாக இருக்கிற கதை எனக்குத் தெரியுமே. "அக்கா, வெயில்ல காஞ்சு உடைஞ்சதுன்னே எழுதிடுறேன். யாருக்கு நஷ்டம்?" என்றேன். பொய் சொல்வதில் எனக்கு முப்பது வருட அனுபவம். இந்த ஒன்றை நன்றாகவே சொல்லியிருப்பேன்.

"எழுதாத. அவ கேட்டிருக்கா."

"இத்தனை மாசம் ஏன்க்கா சொல்லல? போறப்போ அவ்வளவு சண்டை போட்டியே. இதை ஒண்ணு சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பியே."

"ஜெயிச்சு?" என்றாள். "போகாதேன்னு சொல்றது வேற. உன் கை ஆகாதுன்னு சொல்றது வேற. அதை நான் சொன்னா அன்னைக்கே ஸ்பேனரக் கீழ போட்டிருப்பா. என் வாயால அது வேண்டாம்னு இருந்துட்டேன். நாளைக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும்னு தட்டலக் கேட்டுக்கிட்டே ஓட்டினேன்."

"அப்போ அவ கை ஆகாதா?"

"ஒரு பல்லுதானேடா தள்ளியிருக்கு" என்றாள் உன் அம்மா. சட்டையைத் தூக்கி என்மேல் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அது என் சட்டைதான்.

இதில் எந்த இடத்திலும் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமே இல்லை. நீ என்ன செய்யப்போகிறாய் என்று தெரியாமல் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் எழுது.


ஜூன் 25

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அம்மாவுக்கு அன்றைக்கே கேட்டது. அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் பிரித்து, பல்லைச் சரியாக வைத்திருப்பேன். பாதம் உடைந்திருக்காது. என்மேல் இரக்கப்பட்டுப் பேசாமல் இருந்து காரைக் கெடுத்துவிட்டாங்க. இதை அப்படியே சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.

பிறகு ஃபோர்மேன் முன்னால் போய் நின்றேன். தனியாகச் செய்த முதல் வேலையில் ஒரு பல் தள்ளி வைத்திருக்கிறேன் என்றேன். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்முன் அவருக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"அம்மாவுக்குக் கேட்டிருக்கு."

"அதையா? நம்ம ஆளுங்களுக்கே அது லேசுல கேக்காதே. அவங்க எந்த ஒர்க்‌ஷாப்?"

"ஒர்க்‌ஷாப் இல்ல சார், காது பார்க்கிற கிளினிக்."

"அப்போ உடனே சொல்லியிருக்கணுமே?"

"சொல்லல."

"என்ன பிரயோஜனம்?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். என்னைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் முடிவை எடுத்துவிட்டேன். இவர் வேண்டாமென்றால் வேறு ஒர்க்‌ஷாப் தேடுவேன். தவறு என்னுடையதுதான். அதைத் தெரிந்துகொண்டபிறகு, நாற்காலியில் போய் உட்கார்ந்தால் அந்தத் தட்டல் எனக்கும் கேட்க ஆரம்பித்துவிடும். மேலாளருக்கு வரமாட்டேன் என்று எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன். புதிய இடது கேபிள் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலையில் பிரிப்பேன். கோத்து முடித்ததும், சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அம்மா முன்சீட்டில் உட்காரட்டும். நான் சுவிட்சை அழுத்துவேன். தட்டினால் தட்டுகிறது என்று சொல்லட்டும். என் முகத்தைப் பார்க்க வேண்டாம். எத்தனை தடவை சொன்னாலும் அத்தனை தடவையும் பிரிக்கிறேன்.

நீங்கள் டார்ச் பிடிக்கலாம். பேசக்கூடாது.


ஜூன் 29, ஞாயிறு
மாடி ஜன்னலோரம்

டார்ச் பிடிக்கும் பதவியிலிருந்து என்னை நீக்கிய இருவருக்கும்,

ஒரே ஒரு வார்த்தைதான் பேசினேன். சரி, ஒரு கதை. அதற்காக வாயிலிருக்கிற ஸ்க்ரூவைக்கூட எடுக்காமல் நீ கையாலேயே படியைக் காட்டினாய். உன் அம்மாவும் அதே படியைக் காட்டினாள். நீங்கள் இருவரும் ஒரே பக்கம் கை நீட்டி எத்தனை காலமாயிற்று என்ற சந்தோஷத்தில்தான் மறுபேச்சில்லாமல் மேலே வந்தேன்.

இங்கிருந்து எல்லாம் தெரிகிறது. நீங்கள் இருவரும் போடுகிற குரல் என் அரசவைக்கே கேட்கிறது. காரின் கூரைத் துணி தோலுரித்த மாதிரி திண்டில் கிடக்கிறது. முதல் முறை அழுத்தினாய். உன் அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். "தட்டுது" என்றாள். நீ முகத்தைச் சுளிக்கவில்லை, பிரித்தாய். இரண்டாவது முறை. "கொஞ்சம் தட்டுது." "கொஞ்சம்னா? முன்னாடியா, முடிவுலயா?" "பாதியில." மறுபடி பிரித்தாய். நடுவில் உன் அம்மா சீட்டிலிருந்து எழுந்து, உன் முதுகுக்குப் பின்னால் நின்று, நீ கேட்காமலே துணியை நீட்டினாள். துடைத்துக்கொண்டாய். மேகம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது. நீங்கள் இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது முறையும் அழுத்திவிட்டாய். உன் அம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு இந்தக் கடிதத்தை ராக்கெட்டாக மடிக்கக் காத்திருக்கிறேன். கூரை வழியாக நேரே உங்கள் மடியில் விழும்படி விடுவதாகத் திட்டம். டீ வேண்டுமா என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

"இல்ல" என்கிறாள் உன் அம்மா. "இப்போ தட்டல."

"இன்னொரு தடவை கேளும்மா."

அழுத்திவிட்டாய். கண்ணாடி இரண்டு பக்கமும் சமமாக வந்துகொண்டிருக்கிறது. இதற்குமேல் எழுதினால் கடிதம் உள்ளே போகாது.